ஏழாம் எண் வேனுக்கு அனுமதி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மேடம். பதினான்கு வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கிராணிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவேன். வீட்டிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து வீட்டுக்கு. சனிக்கிழமை மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் பகாவ் டவுன் பாசாருக்கு. அதற்கு மேல் எனக்கு எங்கும் போக வேண்டியிருந்ததில்லை.

பெயர் ராமகிருஷ்ணன். வயது ஐம்பத்திரண்டு. கெனாங்கா தோட்டத்தில் வாகனப் பிரிவுக் கிராணி, அதாவது குமாஸ்தா, பத்தொன்பது வருஷம். நீங்கள் தமிழிலேயே கேட்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. முதல் நாள் உங்கள் போலீஸ்காரர்களிடம் நான் சொன்னது பொய். அன்று கைப்பேசி லைன் இல்லை என்று சொன்னேன். லைன் இருந்தது. அதை முதலில் திருத்தி எழுதிவிடுங்கள்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முன்பெல்லாம் வண்டிச் சாவிகள் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகையில் தொங்கும். பலகை என் தலைக்கு நேர் மேலே. விடிகாலையில் பெரட்டு முடிந்ததும், அதாவது யார் யாருக்கு எந்த இடத்தில் வேலை என்று மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்ததும், டிரைவர்கள் வருவார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். என் தலைக்கு மேல் கை நீளும். சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சில நாள் அவர்கள் முழங்கை என் காதில் இடிக்கும். சாயங்காலம் சாவியை மேசைமேல் எறிவார்கள். நான் எழுந்து ஆணியில் மாட்டுவேன். அந்தப் பலகைக்காக நான் ஏங்கியதே இல்லை. அதைக் கழற்றி விறகுக்குப் போட்டவன் நான்தான்.

இந்த வருஷம் ஜூன் மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து எல்லா வண்டிக்கும் சின்னப் பெட்டி பொருத்தியது. சாவி கிடையாது இனி. டிரைவர் தன் கைப்பேசியில் ஒரு பட்டனை அழுத்தினால் என் மேசையில் இருக்கும் தட்டைக் கருவியில் மணி அடிக்கும். எந்த வண்டி, எந்த டிரைவர், எங்கே நிற்கிறது எல்லாம் திரையில் வரும். நான் பச்சையைத் தொட்டால் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பும். சிவப்பைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. எந்த வண்டி எத்தனை மணி வரைக்கும் ஓடலாம் என்பதையும் நான்தான் குறிக்க வேண்டும். அந்த நேரம் தாண்டி வண்டியை நிறுத்தினால் மறுபடி என் அனுமதி இல்லாமல் கிளம்பாது.

பெட்டி பொருத்த வந்த பையன் ஷங்கர். இன்ஜினியர் பையன், நல்ல மரியாதை. இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். கிளம்பும்போது, "அங்கிள், இனிமே நீங்கதான் சாவி," என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அன்று வீட்டுக்குப் போய் அதை மனைவியிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொன்னான். டிரைவர்களுடைய கைப்பேசித் திரையில் ஓரமாகச் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். அவசரம் என்றால் அதைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் யாருடைய அனுமதியும் இல்லாமல் வண்டி கிளம்பிவிடும். "டிரைவருங்க சும்மா சும்மா அழுத்துவாங்க அங்கிள், அது ஒரு தொல்லைதான். ஆனா அதை மட்டும் அணைச்சு வச்சிடாதீங்க." அணைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவன்மேல் தப்பில்லை. உயிர் போகிற அவசரம் தவிர அதை அழுத்தினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மேனேஜர் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறுமுகம் ஏழாம் எண் வேன் டிரைவர். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, மருந்தடிக்கும் பெண்களைச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வாட்டசாட்டமான ஆள். அவன் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள். அவனைப் பிடிக்காதவர் தோட்டத்தில் யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருவதாக அவனே வலிய வந்து சொன்னான். பழைய வேன் ஒன்று இருந்தது. கிளினிக்குக்குப் போகும் சரிவில் நான் பிரேக்குக்குப் பதிலாக எண்ணெய்ப் பெடலை மிதித்துவிட்டேன். வேன் லோங்காங்கில் இறங்கியது. ஓரக் கால்வாய், சாக்கடைத் தண்ணீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கால் வரைக்கும் சேறு. அன்று முழுத் தோட்டமும் வந்து பார்த்தது. அன்றிலிருந்து நான் 'லோங்காங்' ஆனேன். லோங்காங் கிராணி. பிறகு கிராணியும் போய் வெறும் லோங்காங். வங்காளதேசத்திலிருந்து புதிதாக வந்த ஆட்கள்கூட அதுதான் என் பெயர் என்று நினைத்து மரியாதையாக 'லோங்காங் சார்' என்பார்கள். என் மகள் கல்யாணத்துக்கு மேடையேறி வந்த ஆறுமுகம், மாப்பிள்ளையின் அப்பாவிடம், "நம்ம லோங்காங் மாதிரி ஒரு சம்பந்தி கிடைக்கமாட்டாரு," என்று சொன்னான். அவன் பாசமாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அதனால் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. பத்தொன்பது வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவன், அதற்காக இப்போது ஏன் செய்யப்போகிறேன்?

ஜூலை மாதம் ஒரு காலையில் எனக்கு வயிறு சரியில்லை. கழிவறையிலிருந்து வந்து பார்த்தால் ஏழாம் எண் வேனின் மணி ஒன்பது நிமிஷமாக அடித்துக்கொண்டிருக்கிறது. ஆறுமுகம் என் கவுண்டருக்கு வெளியே நிற்கிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். வியர்வை. "கிராணி, கொஞ்சம் பாருங்களேன். புள்ளைங்க நேரம் ஆச்சு," என்றான்.

பாருங்களேன் என்றான், மேடம். நான் பச்சையைத் தொட்டேன். "தேங்ஸ் கிராணி" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் எழுதவில்லை.

அடுத்த வாரம் நான் ஆபீசில் இருக்கும்போதே இரண்டு நிமிஷம் காத்திருக்க வைத்தேன். பிறகு ஐந்து. எல்லா டிரைவர்களையும் அல்ல. மற்றவர்களுக்கு மணி அடித்த உடனே பச்சை. ஏழாம் எண்ணுக்கு மட்டும். திரையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கேமரா பொருத்தியிருந்தார்கள், விபத்து நடந்தால் பார்ப்பதற்கு. அதைத் திறந்தால் வண்டிக்கு முன்னால் நடப்பது என் மேசையில் தெரியும். ஆறுமுகம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். கைப்பேசியை மேலே தூக்கிப் பிடிப்பான், லைன் தேடி. கடைசியில் கவுண்டருக்கு வருவான். வரும்போது சிரிப்பு இருக்காது.

பள்ளிப் பிள்ளைகள் மூன்று நாள் தாமதமாகப் போனார்கள். தலைமையாசிரியை மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் ஆறுமுகத்தை என் முன்னாலேயே திட்டினார். ஆறுமுகம் பெட்டி சரியில்லை என்றான். மேனேஜர் என்னைப் பார்த்தார். மற்ற பதிமூன்று வண்டிக்கும் ஒரு கோளாறும் இல்லை துவான் என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு பகாவ் போயிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அப்படிப் போகும். நான் வீட்டில் இருந்தேன், கருவி என்னிடம்தான். அவர்கள் சாமான் வாங்கி முடித்துக் கிளம்பும் நேரம் நல்ல மழை. மணி அடித்தது. நான் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கழித்துத் தொட்டேன். பதினாறு பேர் மழையில், கையில் கோழியும் காய்கறியுமாக. அதில் ஒரு கைக்குழந்தை. கேமராவில் மழை தெரிந்தது, ஆட்கள் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் எல்லாரும் ஆறுமுகத்தைத்தான் ஏசினார்கள். பெட்டியை உடைத்துவிட்டான், பட்டனைத் தப்பாக அழுத்துகிறான் என்று. அவன் ஜோக்குக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை.

அங்கேயே நின்றிருக்கும், மேடம். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா வராமல் இருந்திருந்தால்.

ராக்கம்மா ஆறுமுகத்தின் மனைவி. மருந்தடிக்கும் கூட்டத்தில் ஒருத்தி. மெலிந்த உடம்பு, நிறையப் பேசாது. அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து, மருந்து வாசனையோடு கவுண்டருக்கு வந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னது.

"அண்ணே, நீங்க செய்றது எனக்குத் தெரியும்ணே."

"என்ன செய்றேன்?"

"வேன நிறுத்தி வைக்கிறது. அவருக்குத் தெரியாது. நான் சொல்லல. சொன்னா கைய நீட்டிருவாரு, அப்புறம் வேலை போயிரும்." கவுண்டருக்கு இன்னும் நெருங்கி வந்தது. "அவரு உங்கள அப்படிக் கூப்புடுறது தப்புதாண்ணே. நான் எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். வாய் கெட்ட மனுசன், மனசுல ஒன்னும் இல்ல. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன். இனிமே கூப்புடாம நான் பாத்துக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க."

கை கூப்பியது. கையுறை போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. அதைத்தான் நான் இத்தனை நாளாக யோசிக்கிறேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அந்த அம்மாவுக்கு என்மேல் பரிதாபம். சேற்றில் நின்றவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது.

"போய்ட்டு வாங்கம்மா. பெட்டியில கோளாறு, சரி பண்ணச் சொல்லியிருக்கேன்," என்றேன்.

அது போன பிறகு, சுமார் நாலரை மணிக்கு, ஏழாம் எண் வேனுடைய சிவப்பு அவசர பட்டனை அணைத்தேன். மற்ற பதிமூன்றும் அப்படியே. ஷங்கர் கொடுத்த கடவுச்சொல் என்னிடம் இருந்தது. நீங்கள் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். சம்பவத்துக்கு ஐந்து வாரத்துக்கு முன்பு. ஏன் செய்தேன் என்று கேட்டால், எனக்கு அப்போது காரணம் ஒன்றும் இல்லை. அது அணைந்திருக்கிறது என்று தெரிந்ததில் இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஆறுமுகம் என்னை லோங்காங் என்று கூப்பிடவில்லை. ராக்கம்மா சொன்னபடி செய்திருக்கிறது. ஆனால் வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. அது ஒரு வித்தியாசம்.

அக்டோபர் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.

வேன் வழக்கமாக இரண்டு மணி வரைக்கும்தான். அன்று இருபத்தேழாம் பிளாக்கில் மருந்தடிப்பு முடியவில்லை. மறுநாள் தலைமை ஆபீஸ் பெரிய துவான்மார்கள் பார்வைக்கு வருவதால் நாலு மணி வரைக்கும் வேலை என்று மேனேஜர் சொன்னார். வேனுக்கும் நேரத்தை நீட்டிவிடுங்கள் என்று காலையிலேயே என்னிடம் சொன்னார். நான் சரி துவான் என்றேன். நீட்டவில்லை. ஆறுமுகம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

இருபத்தேழாம் பிளாக் தோட்டத்தின் கடைசி. அதற்கப்புறம் காடு. குலை வெட்டும் ஆட்கள் மோட்டாரில் வந்தவர்கள், ஒரு மணிக்கே போய்விட்டார்கள். மருந்தடிக்கும் பெண்கள் எல்லாரும் வேனில் வந்தவர்கள். தோட்டத்துக் கிளினிக்குக்கு அங்கிருந்து எட்டு நிமிஷம், வேன் ஓடினால்.

இரண்டு பதினெட்டுக்கு மணி அடித்தது. சிவப்பைத் தொட்டேன். இரண்டு பத்தொன்பதுக்கு மறுபடி. மறுபடி சிவப்பு. இரண்டு இருபதுக்கு அவன் அவசர பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறான். அது எனக்கு வராது, அணைத்து வைத்திருந்ததால். பதிவில்தான் பிறகு பார்த்தேன். பத்து விநாடி, பத்து விநாடி, பத்து விநாடி என்று நாலு தடவை.

இரண்டு இருபத்தொன்றுக்குப் போன் வந்தது. எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"கிராணி, வேன் தொறக்கல! தொறந்து விடுங்கலா, சீக்கிரம்!"

"யாரு பேசறது?"

"ஆறுமுகம் கிராணி! குளவி கொட்டிருச்சு, ராக்கம்மாவ. கூட்டோட கலைஞ்சு வந்திருச்சு. மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. தொறங்க!"

"ரெண்டு மணிக்கு மேல ஆச்சே. நேரம் நீட்டணும்னு நீ கேக்கலையே."

"கேக்குறேன், இப்ப கேக்குறேன், தொறங்க!"

நான் பச்சையைத் தொட்டிருக்கலாம். விரல் பக்கத்தில்தான் இருந்தது. அவன் சத்தம் போட்டுப் பேசினான், அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. அவனைப் பொறுமையாகப் பேசச் சொன்னேன். குளவி கொட்டுவது தோட்டத்தில் எப்போதும் நடப்பதுதான். சுண்ணாம்பு தடவினால் போய்விடும் என்று நான் நினைத்தேன் என்று சொல்லலாம். முதல் நாள் உங்கள் ஆட்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. லோகேஸ்வரி, ராக்கம்மாவோடு வேலை செய்கிற பெண். "மூச்சு இழுக்குது, மூச்சு இழுக்குதுண்ணே" என்று கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கிளினிக்குக்கும் போன் செய்திருக்கிறது. அங்கிருந்த மருந்தக உதவியாளர் ஊசியை எடுத்துக்கொண்டு தன் மோட்டாரில் கிளம்பிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் மோட்டாரில் அந்த மண் பாதையில் இருபது நிமிஷம் ஆகும், அதுவும் முந்தின இரவு மழை பெய்த சகதியில்.

ஆறுமுகம் கேட்டான், "பிக்கப்பாவது அனுப்புங்க கிராணி, டிரஸ்ஸர ஏத்தி அனுப்புங்க." டிரஸ்ஸர் என்பது அந்த மருந்தக உதவியாளர்தான், பழைய பெயர் இன்னும் போகவில்லை. ஆபீஸ் வாசலில் இரண்டு பிக்கப் நின்றன. டிரைவர்கள் கேன்டீனில் இருந்தார்கள். "பாக்கறேன்" என்றேன். நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு இருபத்துநாலுக்குக் கண்ணாடி உடைகிற சத்தம். கல்லால் உடைத்திருக்கிறான். உடனே வேன் அலற ஆரம்பித்தது. அந்த அலறலுக்கு நடுவே அவன் உள்ளே ஏறி எஞ்சின் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்ப்பது கேட்டது. கதவை உடைக்கலாம், எஞ்சினை உடைக்க முடியாது. அந்தப் பெட்டி அப்படிச் செய்யப்பட்டது. மிக நல்ல பெட்டி அது.

பிறகு அவன் குரல் மாறியது. அழுதான். நான் அவன் அழுது கேட்டதில்லை. "ஐயா," என்றான். "ஐயா, உங்க கால்ல விழறேன். என்ன வேணாலும் செய்றேன். தொறந்து விடுங்கய்யா."

"என் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"என்னய்யா?"

"என் பேரு. பத்தொம்பது வருஷமா பாக்குறியே. சொல்லு."

வேன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. அவன் யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"ராம... ராமசாமி. ராமசாமி ஐயா."

இல்லை என்றேன்.

"ராமநாதன்?"

அவனுக்குத் தெரியவில்லை, மேடம். என் மகள் கல்யாணத்தில் சாப்பிட்டவன். பத்திரிகையில் என் பெயர் இருந்தது. அவன் பயத்தில் மறந்திருப்பான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்தே இருக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவன் இன்னும் இரண்டு பெயர் சொன்னான். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். குரலை உயர்த்தவில்லை.

லோகேஸ்வரிதான் போனைப் பிடுங்கியது. "ராமகிருஷ்ணன்! ராமகிருஷ்ணன்ணே! தொறந்து விடுங்கண்ணே, அக்கா மூச்சு விடலண்ணே, உங்க வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

இரண்டு இருபத்தொன்பதுக்குப் பச்சையைத் தொட்டேன்.

வேன் கிளம்பியது. வழியில், பதினெட்டாம் பிளாக் முக்கில், மோட்டாரில் வந்த மருந்தக உதவியாளரைப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயே சாலையில் படுக்கவைத்து ஊசி போட்டார். இரண்டு தடவை போட்டார். நெஞ்சை அழுத்தினார். ராக்கம்மாவுக்கு வயது நாற்பத்தேழு. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த தாளில், குளவி கொட்டியதில் மூச்சு அடைத்து மரணம் என்று இருக்கிறது. நான் படித்தேன். அதில் வேனைப் பற்றி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். மனைவிக்குச் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அழுதுகொண்டிருந்தாள். "ஏங்க, வேன் தொறக்கலையாமே? நீங்கதானே பாத்துக்கிறீங்க?" என்றாள். லைன் இல்லை என்றேன். சோறு போட்டாள். சாப்பிட்டேன். அன்று பருப்புக் குழம்பு. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

சாவுக்கும் போனேன். போகாமல் இருந்தால் தப்பாக இருக்கும். ஆறுமுகம் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள், இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவன் எழவில்லை. "ராமகிருஷ்ணன்," என்று மட்டும் சொன்னான். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி. பிறகு மறுபடி, "ராமகிருஷ்ணன்." நான் அங்கே இருந்த அரைமணி நேரமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

லோகேஸ்வரி போலீசில் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. பெயர் கேட்டாரா, பெண்ணே, பதற்றத்தில் உனக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்றார்கள். மேனேஜர் என் பக்கம்தான் பேசினார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் லீவு எடுக்காத ஆள் என்றார். அது தப்பு, மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் எடுத்தேன். பிறகு ஷங்கர் வந்தான். கம்பெனியில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. எந்த விநாடியில் எந்த விரல் எதைத் தொட்டது என்பது வரைக்கும். அவன் அந்தத் தாள்களை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஏன் அங்கிள்?" என்றான்.

அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறது, நீங்கள் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். மேசைக்கு இந்தப் பக்கமிருந்தும் தெரிகிறது. இரண்டு பதினேழு முதல் இரண்டு முப்பது வரை, ஏழாம் எண் வேனின் முன்கேமரா திறந்திருந்தது என்ற வரி. நேற்று அதைப் பற்றிக் கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மணி அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்பிருந்தே. இரண்டு மணி தாண்டிவிட்டது, ஆறுமுகம் எப்போது கேட்பான் என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். அவன் மரங்களுக்கு நடுவிலிருந்து ராக்கம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வண்டிக்கு முன்னால், கேமராவுக்கு நேராக, புல்லில் கிடத்தினான். படம் தெளிவாக இருந்தது. நல்ல வெயில். முகம் அடையாளம் தெரியவில்லை, உதடு கறுத்திருந்தது. கால் இரண்டும் மண்ணை உதைத்தன. முதல் சிவப்பைத் தொடும்போதே எல்லாம் தெரியும் எனக்கு. சுண்ணாம்பால் போகிற விஷயமில்லை என்று தெரியும். கவுண்டரில் நின்று கை கூப்பிய அதே ஆள்தான் அது என்றும் தெரியும். கால் உதைப்பது நின்றது இரண்டு இருபத்தேழு அளவில். அதையும் பார்த்தேன். அதற்குப் பிறகும் இரண்டு நிமிஷம் பெயருக்காகக் காத்திருந்தேன்.

இதுதான் முழுவதும். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, மேடம். இந்தத் தாளில் சிவப்பு எத்தனை தடவை, எந்த நேரம் என்று எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் பன்னிரண்டாவது நிமிஷத்தில் அந்தக் கதவைத் திறந்துவிட்டது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் திறந்தேன். மனசாட்சி இல்லாதவனாக இருந்தால் திறந்திருக்க மாட்டேன். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.